கேத்தரின் கோர்ஜ் போறீங்களா? ஒரு ராத்திரியாவது தங்குங்க

ஆஸ்திரேலியாவோட வடக்குல இருக்குற டார்வின் ஊருக்கு வர்றவங்க நிறைய பேரு, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறையா இருக்குற ஆத்துப் பள்ளத்தாக்கு கேத்தரின் கோர்ஜை ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு தான் பிளான் போடுறாங்க. முடியாதுன்னு இல்ல, ஸ்டூவர்ட் ஹைவேல தெக்க சுமார் 320 கிலோமீட்டர், ரோடு நல்லா இருக்கும், பாதி இடத்துல 130 வரைக்கும் போலாம். ஆனா போய் சேரும்போது உச்சி வெயில், போட்ல ஏறி ரெண்டு கோர்ஜ் பாத்துட்டு உடனே கிளம்பணும், திரும்பி வர்றப்போ இருட்டிடும், கங்காருவும் மாடும் எந்த பக்கத்துல இருந்து வரும்னே தெரியாது. ராத்திரி ஊருக்கு வெளிய ஓட்டக்கூடாதுன்னு சில வாடகை கார்ல கண்டிஷனே இருக்கு, புக் பண்ணும்போது படிச்சிடுங்க.

அதனால கேத்தரின் ஊர்லயோ, 30 கிலோமீட்டர் தள்ளி பார்க் உள்ளயே இருக்குற கேம்ப்கிரவுண்ட்லயோ தங்கிடுங்க. பார்க் பேரு நிட்மிலுக். ஜாவொய்ன்ங்கிற பழங்குடி மக்களோட நிலம், 1989ல தான் அவங்க கைக்கு திரும்ப வந்துச்சு, போட்டு, கேனோ (நாமளே துடுப்பு போடுற சின்ன படகு), தங்குற இடம்னு எல்லாம் நடத்துறதும் அவங்க கம்பெனி தான். வெளி மாநிலம், வெளிநாட்டுக்காரங்களுக்கு பார்க்ஸ் பாஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துட்டு போங்க.

எப்போ போறது? மே கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும்னா கண்ண மூடிட்டு போலாம். பகல்ல வெயில், ஜூலை ராத்திரில ஸ்வெட்டர் கேக்கும். அக்டோபர் நவம்பர்ல 40 டிகிரி, புழுக்கம் வேற, வேண்டாம். அதுக்கப்புறம் மழை, ஆறு ஏறிடும், வெள்ளத்தோட உப்புத்தண்ணி முதலையும் மேல வந்துடும். தண்ணி வடிஞ்சதும் ரேஞ்சருங்க கூண்டு வச்சு, தேடி பாத்து, சரின்னு சொன்னா தான் கேனோ விடுவாங்க, அதனால சீசன் ஆரம்பத்துல போறவங்க கேட்டுட்டு கிளம்புங்க.

கோர்ஜ் மொத்தம் 13. உண்மைல ஒரே ஆறு தான், மழை நின்னு தண்ணி குறைஞ்சதும் நடுவுல பாறை தலை தூக்கி தனித்தனியா பிரிச்சிடும். போட்டுல போனாலும் முதல் கோர்ஜ் முடிஞ்சதும் இறங்கி பாறைல நடந்து அடுத்த போட்டுல ஏறணும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க, பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க இத கண்டிப்பா யோசிங்க. அந்த நடை வழில தான் பாறை ஓவியம் இருக்கு, அவசரமா தாண்டிடாதீங்க. போட்டுன்னா விடிகாலை டிரிப் எடுங்க, வெயில் பாறை உச்சில இருந்து மெதுவா கீழ இறங்கும்போது அந்த சிவப்பு மாறிக்கிட்டே வரும் பாருங்க, நடு மத்தியானம் போனவங்களுக்கு அது கிடைக்காது.

கைல கொஞ்சம் தெம்பு இருந்தா என் ஓட்டு கேனோவுக்கு தான். போட்டுல மைக் சத்தம் கேட்டுட்டே இருக்கும், கேனோல துடுப்பு சத்தம் மட்டும் தான். பாறை வர்ற இடத்துல கேனோவ தூக்கி இழுத்து அந்த பக்கம் போடணும், அது தான் வேலையே, துடுப்பு போடுறது இல்ல. ராத்திரி தங்குற பெர்மிட் எடுத்தா 4வது, 6வது, 9வது கோர்ஜ் வரைக்கும் போய் கேம்ப் போடலாம். மணல் திட்டு பாத்ததும் ஆசையா இறங்கிடாதீங்க, நன்னீர் முதலை முட்டை போடுற இடம், போர்டு வச்சிருப்பாங்க. இந்த முதலை ஒல்லி மூக்கு, மீன் தின்னுற வகை, நாம சீண்டாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். குளிக்கலாமான்னு விசிட்டர் சென்டர்ல அன்னைக்கே கேளுங்க, போன வருஷம் யாரோ குளிச்ச வீடியோவ பாத்து இறங்க வேணாம்.

நடக்குறவங்களுக்கு பருவெய் லுக்அவுட் போதும், படிக்கட்டு செங்குத்து, காலைலயே ஏறிடுங்க, ஆளுக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி. 62 கிலோமீட்டர் ஜட்புலா டிரெயிலும் இங்க இருந்து தான் ஆரம்பிக்குது, ஆனா அதுக்கு பல மாசம் முன்னாடியே புக் பண்ணணும், அது தனிக்கதை.

சாப்பாடு, பெட்ரோல், ஐஸ் எல்லாம் கேத்தரின்லயே முடிச்சிடுங்க. டார்வின் திரும்புறப்போ சுமார் 40 கிலோமீட்டர்ல வலது பக்கம் லெலின், அதான் எடித் ஃபால்ஸ் அருவிக்கு, ரோடு பிரியும், அங்க இருந்து 20 கிலோமீட்டர். ஏறி இறங்கி நடக்குற 2.6 கிலோமீட்டர் வட்டப் பாதைல மேல் குளம் ஒண்ணு இருக்கு, துண்டு எடுத்துட்டு போங்க.