ஈவ் ஆன்லைனில் மைனிங்: கப்பலும் கருவியும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் மைனிங், அதாவது பாறைகளிலிருந்து தாது தோண்டும் தொழில், தொடங்கும் எவரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அதிகமாகத் தோண்டும் கப்பல் எது? யாராவது உடனே ஹல்க் என்று பதில் சொல்லிவிடுவார்கள். அதை ஓட்டத் தேவையான திறன்களைப் பயிற்சிக்குப் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, சேர்த்த ஐஸ்க் (விளையாட்டின் பணம்) முழுவதையும் கொட்டி வாங்கி, சில நாட்களில் பெல்ட்டில் (தாதுப் பாறைகள் மிதக்கும் இடம்) பறிகொடுத்துவிட்டு விளையாட்டையே விட்டுப் போனவர்கள் நிறைய. ஹல்க் நல்ல கப்பல்தான், கேட்ட கேள்விதான் சரியில்லை. எவ்வளவு தாது பத்திரமாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்கிறது என்று பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுத்தால், இந்தத் தொழில் நின்று நிதானமாகப் பணம் தரும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், ஆரம்ப ஆண்டுகளில் மைனிங் கப்பல்கள் ஏணிப்படி போலத்தான் இருந்தன. ப்ரொக்யூரர் கீழ்ப்படி, ரிட்ரீவர் நடுப்படி, கவெட்டர் அதற்கு மேல், உச்சியில் ஹல்க். 2012 ஆகஸ்டில் வந்த மாற்றத்தில் அந்த ஏணியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனி வேலை கொடுத்தார்கள். ப்ரொக்யூரருக்கு அடி தாங்கும் உடம்பு, ரிட்ரீவருக்குப் பெரிய தாதுக் கிடங்கு, கவெட்டருக்குத் தோண்டும் வேகம். இந்த மூன்றுக்கும் பார்ஜ் என்று பெயர். இவற்றின் மேம்பட்ட டெக் 2 வடிவங்களான ஸ்கிஃப், மேக்கினா, ஹல்க் (எக்ஸ்யூமர்கள்) மூன்றும் அதே வரிசையில் அதே குணத்தோடு வருகின்றன. ஆனால் பழைய வழிகாட்டிகளைப் படித்தவர்கள் சொல்லிச் சொல்லி, 'ப்ரொக்யூரரைத் தாண்டிப் போ' என்ற பேச்சு மட்டும் இன்றுவரை ஓயவில்லை. தனியாக மைனிங் செய்யும் பலருக்கு ப்ரொக்யூரரைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே வராது.

தோண்டும் வேகத்தை மட்டும் பார்ப்பது

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு கப்பல் நிமிடத்துக்கு 1,000 கன மீட்டர் தோண்டுகிறது, கிடங்கு 10,000. இன்னொன்று நிமிடத்துக்கு 800 மட்டுமே தோண்டுகிறது, ஆனால் கிடங்கு 30,000. ஸ்டேஷனுக்குப் போய் இறக்கிவிட்டு வர இரண்டுக்கும் 4 நிமிடம். முதல் கப்பல் 10 நிமிடத்தில் நிரம்பும், போய்வர 4 சேர்த்து 14 நிமிடத்துக்கு 10,000, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 714. இரண்டாவது நிரம்ப முப்பத்தேழரை நிமிடம், போய்வர 4 சேர்த்தால் நாற்பத்தொன்றரை நிமிடத்துக்கு 30,000. நிமிடத்துக்கு 723 வந்துவிடுகிறது. மெதுவாகத் தோண்டும் கப்பல் முந்திவிட்டது. அதுவும் முதல் கப்பல்காரர் மூன்று தடவை அலைந்து திரும்பும் நேரத்தில் இவர் ஒரே ஒரு தடவைதான் போய் வருகிறார்.

கவெட்டரும் ஹல்க்கும் குழுவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. பக்கத்தில் ஓர்கா என்ற பெரிய துணைக் கப்பல் நின்று தாதுவை வாங்கிக்கொள்ளும், காவலுக்கு ஆள் இருப்பார்கள், கப்பல் பெல்ட்டை விட்டு நகரவே வேண்டாம். அந்த ஏற்பாடு உங்களுக்கு இருந்தால் தாராளமாக ஹல்க் வாங்குங்கள், அதற்கு நிகர் இல்லை. தனியாள் என்றால் ரிட்ரீவர் அல்லது ப்ரொக்யூரர். இவை இரண்டில் எது என்பதை நீங்கள் எந்த இடத்தில், எவ்வளவு கவனத்தோடு விளையாடுகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

வென்ச்சர் என்ற தொடக்கநிலை மைனிங் கப்பலைச் சீக்கிரம் கைவிடுவதும் இதே வகைத் தவறு. 2012 டிசம்பரில் வென்ச்சர் வருவதற்கு முன், புதியவர்கள் பாண்டம், நாவிடாஸ் மாதிரிச் சிறு கப்பல்களில்தான் லேசரை மாட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வென்ச்சருக்கு 5,000 கன மீட்டர் கிடங்கு, இரண்டு மைனிங் லேசர், விலையும் அற்பம். இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் வார்ப் ஆகி, அதாவது வேறு இடத்துக்குப் பாய்ந்து, தப்பிப்பதைத் தடுக்கும் கருவிகளுக்கு எதிராக அதற்குப் பிறவியிலேயே இரண்டு புள்ளி வலு உண்டு. ஒரே ஒரு எதிரி ஒரே ஒரு சாதாரணத் தடுப்புக் கருவியோடு வந்தால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பார்ஜுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. வார்ம்ஹோல் வழியே போகும் பகுதிகளில் வாயு எடுக்கவும், காவல் குறைந்த லோ செக்கில் எட்டிப் பார்க்கவும் பழையவர்களே வென்ச்சரை வைத்திருக்கிறார்கள். பார்ஜுக்குத் திறன் வந்த மறுநாளே அதை விற்றுவிடாதீர்கள்.

ஹை செக் என்றால் பாதுகாப்பு என்று நம்புவது

அதிகமான கப்பல்களைக் காவு வாங்கும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹை செக் எனப்படும், 0.5 முதல் 1.0 வரை பாதுகாப்பு மதிப்பெண் கொண்ட நட்சத்திர சிஸ்டங்களில் கான்கார்ட் என்ற காவல் படை உண்டு. ஆனால் அது தாக்குதலைத் தடுக்காது, தாக்கியவரைத் தண்டிக்கும். தாக்குபவர் தன் கப்பல் போகும் என்று தெரிந்தே வருகிறார். கான்கார்ட் வந்து சேர 1.0 சிஸ்டத்தில் சில விநாடிகள் போதும், 0.5 சிஸ்டத்திலோ கிட்டத்தட்ட 20 விநாடி ஆகிவிடும். அந்த இடைவெளிக்குள் உங்கள் கப்பலை உடைக்க முடியுமா என்பது மட்டும்தான் அவர்கள் போடும் கணக்கு.

அதற்கு அவர்கள் பெரும்பாலும் கொண்டு வருவது கேட்டலிஸ்ட் என்ற மலிவான டெஸ்ட்ராயர். எட்டு பிளாஸ்டர் துப்பாக்கிகளை மாட்டி, மிக அருகில் வந்து சுடுவார்கள். 2009-இல் தொடங்கிய ஹல்க்கெடன் போட்டிகள், பிறகு வந்த கோட் கூட்டணியின் 'மைனிங் பர்மிட்' வசூல் என்று இதற்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. மைனர்களை வேட்டையாடுவதை ஒரு தனி விளையாட்டாகவே வளர்த்துவிட்டார்கள். விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்டதுதான் இது, புகார் கொடுத்தால் எதுவும் நடக்காது. ஃபிட்டில்தான், அதாவது கப்பலில் என்ன கருவிகளை மாட்டுகிறீர்கள் என்பதில்தான், இதற்குப் பதில் இருக்கிறது.

கருவி மாட்டும் இடங்களான ஸ்லாட்டுகளில், கீழ் ஸ்லாட் முழுவதும் மைனிங் லேசர் அப்கிரேடுகளைத் திணிப்பதை எல்லாரும் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் தருவது பத்து சதவீதத்துக்கும் குறைவான கூடுதல் தாது. அதோடு லேசர்களுக்கான சிபியு (கருவிகளை இயக்கும் கப்பலின் கணினித் திறன்) தேவையையும் ஏற்றிவிடுகிறது. விளைவு, நடு ஸ்லாட்டில் ஷீல்டு கருவிகள் வைக்க சிபியு மிஞ்சாது, அவை காலியாகவே கிடக்கும். காலியான நடு ஸ்லாட்டோடு பெல்ட்டில் நிற்கும் ரிட்ரீவரை ஓரிரு கேட்டலிஸ்ட்கள் முடித்துவிடும். ஒரு அப்கிரேடைக் கழற்றிவிட்டு, அடியைக் குறைக்கும் டேமேஜ் கன்ட்ரோல் மாட்டுங்கள். நடு ஸ்லாட்டில் ஷீல்டைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்டரும், அதன் எதிர்ப்பைக் கூட்டும் ஹார்டனர்களும் வையுங்கள். உடைக்க முடியாத கப்பல் எதுவும் கிடையாது. ஆனால் உங்களை உடைக்க இரண்டு பேருக்குப் பதில் ஆறேழு பேர் தேவை என்றானால், அவர்கள் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ரிட்ரீவரிடம் போய்விடுவார்கள்.

ஹார்டனர் வாங்குவதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். டெக் 1 கப்பல்களில் ஷீல்டின் இயல்பான எதிர்ப்பு, மின்காந்தத் தாக்குதலுக்கு 0, வெப்பத்துக்கு 20, கைனெட்டிக்குக்கு 40, வெடிப்புக்கு 50 சதவீதம். 0 என்று பார்த்ததும் எல்லாரும் மின்காந்தத் துளையை அடைக்க ஓடுகிறார்கள். கேட்டலிஸ்டின் பிளாஸ்டர் சுடுவதோ வெப்பமும் கைனெட்டிக்கும்தான். கேங்க்குக்கு, அதாவது இப்படிக் கூட்டமாக வந்து உடைப்பவர்களுக்கு, தயாராகிறீர்கள் என்றால் முதலில் இவை இரண்டையும் கவனியுங்கள். பெல்ட்டில் வரும் கடற்கொள்ளையர் விஷயம் வேறு. அமார் பகுதியில் சான்ஷாவும் பிளட் ரெய்டர்களும் மின்காந்தமும் வெப்பமுமாகச் சுடுவார்கள், கால்டாரி பகுதியின் குரிஸ்டாஸ் கைனெட்டிக், வெப்பம், மின்மத்தார் பகுதியின் ஏஞ்சல் கார்ட்டெல் வெடிப்பும் கைனெட்டிக்கும். ஹை செக்கில் இவர்களின் அடி லேசானது, ஐந்து சிறு போர் ட்ரோன்களே விரட்டிவிடும். அதனால்தான் ட்ரோன் அறை முழுவதையும் மைனிங் ட்ரோன்களால் நிரப்பக் கூடாது என்கிறேன்.

ஃபிட்டிங் ஜன்னலிலேயே சிமுலேஷன் வசதி இருக்கிறது, வெளியே பைஃபா என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. ஒரு ஐஸ்க் கூடச் செலவழிக்காமல் கப்பலை மாட்டிப் பார்த்து, அது எவ்வளவு அடி தாங்கும் என்று தெரிந்துகொள்ளலாம். ஜிட்டா என்ற பெரிய சந்தைக்குப் போய்க் கண்ணில் பட்டதை வாங்கி வந்து, ஸ்டேஷனில் உட்கார்ந்து 'சிபியு போதவில்லை' என்ற சிவப்பு எழுத்தைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாறைக்குப் பொருந்தாத கருவி

பார்ஜில் மாட்டும் தாது லேசரான ஸ்ட்ரிப் மைனரால் ஐஸ் எடுக்க முடியாது. அதற்கு ஐஸ் ஹார்வெஸ்டர் வேண்டும். லேசர் அப்கிரேடும் ஐஸுக்கு உதவாது, ஐஸ் ஹார்வெஸ்டர் அப்கிரேடு என்று தனியாக இருக்கிறது, அது சுற்று நேரத்தைக் குறைக்கும். ஐஸ் ஒரு கட்டி 1,000 கன மீட்டர். அதனால் கிடங்கில் 900 மிச்சம் இருந்தும் பயனில்லை, அடுத்த கட்டி உள்ளே போகாது. வாயுவுக்கு வேறு கருவி. மெர்காக்சைட் என்ற அரிய தாதுவுக்கு டீப் கோர் வகை லேசரும் அதற்கான திறனும் இல்லாமல் பக்கத்திலேயே போக வேண்டாம், அது நச்சு மேகத்தையும் கக்கும்.

டெக் 2 ஸ்ட்ரிப் மைனரை வாங்கிவிட்டு கிரிஸ்டல் போடாமல் ஓட்டுவதும் அடிக்கடி பார்க்கும் காட்சி. மாட்யுலேட்டட் எனப்படும் இந்த டெக் 2 லேசரின் பலமே அந்தக் கிரிஸ்டலில்தான் இருக்கிறது. பாறை வகைக்கு ஏற்ற கிரிஸ்டல் இருந்தால்தான் பலன். கிரிஸ்டல்கள் தேயும் என்பதால் கையிருப்பும் வேண்டும். நீங்கள் ஒரே பெல்ட்டில் கிடைத்ததையெல்லாம் மாற்றி மாற்றித் தோண்டுபவர் என்றால், கிரிஸ்டல் தொல்லை இல்லாத டெக் 1 ஸ்ட்ரிப் மைனரே நிம்மதி.

2021 டிசம்பரில் இன்னொரு விஷயமும் சேர்ந்தது. டெக் 2 லேசர்கள் தோண்டும்போது பாறையின் ஒரு பகுதியை வீணாக்கிவிடும். உங்கள் கிடங்குக்கு வரும் அளவு இதனால் குறையாது, பாறைதான் சீக்கிரம் தீரும். ஹை செக் பெல்ட்டில் தனியாக நிற்பவருக்கு இது பெரிய கவலையில்லை. கார்ப்பரேஷனின் (நீங்கள் சேர்ந்திருக்கும் ஆட்டக்காரர் குழு) நிலவுச் சுரங்கத்தில் எல்லாருக்கும் பொதுவான பாறையைத் தோண்டும்போது எந்தக் கிரிஸ்டலைப் போடலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேகம் கூட்டும் பி வகைக் கிரிஸ்டலோடு போய் அடுத்தவர் பங்கையும் கரைத்தால் பிரச்சினை வரும், அது நியாயமும் கூட.

விலையைத் தவறாகக் கணக்கிடுவது

கப்பலின் விலை என்று சந்தையில் பார்ப்பது கப்பலின் உடல் மட்டும். கப்பலின் உடலிலேயே நிலையாகப் பொருத்தும் ரிக்குகளைக் கழற்றினால் அவை அழிந்துவிடும், கருவிகளைப் போல வேறு கப்பலுக்கு மாற்ற முடியாது. எனவே ஓட்டிப் பழகாத கப்பலில் விலையுயர்ந்த ரிக் போடாதீர்கள். காப்பீடும் டெக் 1 கப்பலுக்குத்தான் உருப்படியாகக் கிடைக்கும். எக்ஸ்யூமர் போனால் கைக்கு வருவது சந்தை விலையில் சிறு துண்டு. ஒரு மேக்கினா வாங்கும் காசு மட்டும் கையில் இருந்தால், அது இன்னும் உங்களுக்கான கப்பல் இல்லை. ஃபிட்டோடு சேர்த்து இரண்டு வாங்க முடியும் என்ற நிலை வரும்வரை பார்ஜே போதும்.

கிடங்கு போதாமல் தாதுவை ஜெட்கேன் என்ற பெட்டியில் வெளியே போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 27,500 கன மீட்டர் கொள்ளளவு ஆசை காட்டும். ஆனால் அது விண்வெளியில் திறந்து கிடக்கும் பெட்டி, யாரும் எடுக்கலாம். எடுப்பவர் சந்தேக நபராகக் குறிக்கப்படுவார், அவரைச் சுட உங்களுக்கு உரிமையும் வரும். சுட்டால் அவருக்கும் திருப்பிச் சுடும் உரிமை வந்துவிடும். பல சமயம் அவர் காத்திருப்பதே அதற்காகத்தான். தாது போனால் போகட்டும், ட்ரோன்களை அனுப்பாதீர்கள்.

ஹை செக்கை விட்டு வெளியே போகும்போது கப்பல் தேர்வே மாறிவிடுகிறது. அங்கே கான்கார்ட் இல்லை. சிஸ்டத்தில் இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் சாட்டில் அந்நியர் பெயர் தெரிந்ததும் கிளம்பியாக வேண்டும். கண்ணில் படாமல் மறைக்கும் ரகசிய க்ளோக் போட முடிகிற ப்ராஸ்பெக்ட், வார்ப் வலு கொண்ட வென்ச்சர், அடி தாங்கும் ப்ரொக்யூரர், இவை மூன்றும் இங்கே பொருந்தும். ப்ரொக்யூரரில் வார்ப் தடுப்புக் கருவியும் போர் ட்ரோனும் மாட்டி, இளிச்சவாய் மைனர் போல நின்று வேட்டைக்காரரையே பிடிப்பவர்களும் உண்டு. அதனால் லோ செக்கில் ப்ரொக்யூரரைக் கண்டால் தாக்க வருபவரே ஒரு கணம் யோசிப்பார். ரிட்ரீவரோடு அங்கே போகாதீர்கள்.

கடைசியாக ஓர்கா. பெரிய கப்பல், கம்பீரமாக இருக்கிறது, ட்ரோனை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று பலர் அதையே இலக்காக வைக்கிறார்கள். தனியாக நிற்கும் ஓர்கா, கொட்டிய பணத்துக்கு ஏற்ற அளவு தோண்டாது. அதன் மதிப்பு, சுற்றியுள்ள கப்பல்களுக்கு வலு கூட்டும் ஃபோர்மேன் பர்ஸ்ட்களிலும் தாதுவைச் சுருக்கும் வசதியிலும் இருக்கிறது. லேசரின் வீச்சைக் கூட்டும், சுற்று நேரத்தைக் குறைக்கும், கிரிஸ்டல் தேய்மானத்தைக் குறைக்கும், தாதுவைக் களத்திலேயே சுருக்கிக் கொடுக்கும். இவையெல்லாம் பக்கத்தில் நிற்கும் குழுவுக்குக் கிடைப்பவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் போர்ப்பஸ் என்ற சிறிய துணைக் கப்பலை வாங்கிப் பாருங்கள். ஓர்காவைவிட வெகு மலிவு, பர்ஸ்ட்களும் சுருக்கும் வசதியும் இதிலும் உண்டு. குழு ஐந்தாறு பேராக வளர்ந்து, அவர்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஓர்கா வாங்கலாம். அப்போது கவெட்டர், ஹல்க் வைத்திருப்பவர்களையும் தைரியமாகக் கூப்பிடலாம்.