நாற்பதுக்கு மேல் உடற்பயிற்சியும் எடையும்: முதல் மூன்று மாதங்களுக்கான செய்முறை

நாற்பதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "முன்னாடி சாப்பிட்ட அளவுதான் இப்பவும் சாப்பிடறேன், வயிறு மட்டும் போட்டுக்கிட்டே போகுது." உடனே பக்கத்தில் இருப்பவர், வயதானால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பார். அது அவ்வளவு சரியில்லை. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்தார்கள். உடலின் அளவையும் அதில் உள்ள தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. இறக்கம் தொடங்குவது 60-க்குப் பிறகுதான்.

அப்படியானால் நாற்பதுகளில் எது மாறுகிறது? தசை. பயிற்சி இல்லாத உடலில், முப்பதுகளில் தொடங்கி பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. வேலையும் பொறுப்பும் கூடக்கூட நடமாட்டமும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்குவதால், தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது.

அதனால்தான் சொல்கிறேன்: இந்த வயதில் முதலில் தசையைக் கவனியுங்கள், அப்புறம் சாப்பாட்டுத் தட்டுக்கு வரலாம். சாப்பாட்டை மட்டும் வெட்டினால், இறங்கும் எடையில் ஒரு பகுதி தசையாகவே போய்விடும். தராசில் எண் குறையும், மாடி ஏறினால் கால் தள்ளாடும். கீழே உள்ள வரிசை இதை மனதில் வைத்து அமைத்தது. இதுவரை எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள் அப்படியே பின்பற்றலாம்.

படி 1: ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு இவற்றைப் பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு, தலைசுற்றல் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் அதைக் காட்டுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எடையைக் கூட்டக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதற்கான அளவு மாற்றத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: மூன்று அளவுகளைக் குறித்து வையுங்கள்

முதலாவது வயிற்றுச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே இந்த அளவு இருக்க வேண்டும் என்பது இலக்கு. உயரம் 160 செ.மீ. என்றால், 80-க்குக் கீழே. உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பைப் பற்றி எடையைவிட இந்த எண் அதிகம் சொல்லும்.

இரண்டாவது எடை. காலையில் கழிவறை போய் வந்து, எதுவும் சாப்பிடாமல் பாருங்கள். உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் என்று பல காரணங்களால் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். ஒரு நாள் எண்ணுக்காக மனசு வாடாதீர்கள். வாரத்தில் சில நாட்கள் பார்த்து, சராசரியைக் குறித்தால் போதும்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். தராசு அசையாத வாரங்களில்கூட இந்த எண் கூடும். அதைப் பார்க்கும்போது வரும் உற்சாகம் சாதாரணமானதில்லை.

படி 3: வாரம் இரண்டு நாள் வலிமைப் பயிற்சி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் பெரியவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஜிம் தேவையில்லை. இரண்டு நாட்களுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு இந்த ஐந்தையும் செய்யுங்கள்.

உட்கார்ந்து எழுதல்: நாற்காலியின் முன்பக்கம் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்கால் பாதவிரல் பார்க்கும் திசையிலேயே. குதிகாலை அழுத்தி எழுந்து, மூன்று வரை எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழக் கூடாது. இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது, அந்தப் பாதியை வீணாக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம்.

சுவர் புஷ் அப்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, தோள் அகலத்தில் கைகளை ஊன்றி, தலையிலிருந்து குதிகால் வரை நேராக வைத்தபடி முழங்கையை மடக்குங்கள். இது எளிதாகிவிட்டால், நகராத கனமான மேசையின் விளிம்பில் செய்யுங்கள், அப்புறம் தரையில்.

பையை இழுத்தல்: ஒரு பையில் புத்தகங்களோ தண்ணீர் பாட்டில்களோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் முன்னால் சாய்ந்து, மற்ற கையால் பையை விலாவை நோக்கி இழுங்கள். நாளெல்லாம் திரையைப் பார்த்துக் குனிந்திருப்பவர்களின் தோளுக்கும் மேல்முதுகுக்கும் இது மிகவும் தேவை.

இடுப்பை உயர்த்தல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை அழுத்தி இடுப்பை மேலே தூக்குங்கள். மேலே போனதும் பிட்டத்தை இறுக்கி இரண்டு விநாடி நில்லுங்கள்.

குதிகால் உயர்த்தல்: சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியில் எழும்பி மெதுவாக இறங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை, ஒரே சுற்று. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு சுற்று. ஆறாவது வாரம் மூன்றாக்கலாம். சுற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். கஷ்டப்படும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாச் சுற்றிலும் 12 முறை சிரமமில்லாமல் வந்துவிட்டால், பயிற்சியைக் கொஞ்சம் கடினமாக்க வேண்டும்: தாழ்வான நாற்காலி, பையில் இன்னொரு புத்தகம், குதிகாலை ஒற்றைக் காலில் உயர்த்தல். பழகிப்போன சுமையையே மாதக்கணக்கில் தூக்கினால் தசைக்கு வளர வேண்டிய காரணமே இருக்காது. அதற்காக அவசரமும் வேண்டாம். தசை வாரக்கணக்கில் வலுவாகும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். "இப்போது பலமாகிவிட்டேன்" என்று ஒரே வாரத்தில் சுமையை இரட்டிப்பாக்குபவர்களுக்குத்தான் தோளும் குதிகாலும் பிடித்துக்கொள்கின்றன.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு, தானே போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம், மரத்துப்போதல் வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: நடை

வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை இலக்கு. மிதமானது என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரேயடியாக வேண்டாம். முதல் வாரம் தினமும் 10 நிமிடம், அப்புறம் ஒவ்வொரு வாரமும் தினசரி நடையில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

தினமும் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்று நினைத்துப் பலர் தொடங்கும் முன்பே சோர்ந்துவிடுகிறார்கள். அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியோடு பரவியது. 7,000 காலடிகளை ஒட்டியே பெரும்பாலான நன்மைகள் கிடைத்துவிடுவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. இப்போது 3,000 நடப்பவர் 4,000-க்குப் போனாலே பலன் உண்டு. சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை திடீரென ஏறுவதைக் குறைக்கும்.

படி 5: நான்காவது வாரம் தட்டுக்கு வாருங்கள்

உடல் பயிற்சிக்குப் பழகிய பிறகு உணவை மாற்றினால் இரண்டும் நிலைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்குபவர்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறார்கள்.

முதல் மாற்றம், ஒவ்வொரு வேளையிலும் புரதம். பயிற்சி செய்யும் நடுவயதினருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் நல்ல இலக்கு. 70 கிலோ எடை என்றால் 70 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது, ஒரு கப் வேகவைத்த பயறில் 15 கிராமை ஒட்டி, ஒரு டம்ளர் பாலில் 7 கிராம் போல. கணக்குப் போட்டுப் பாருங்கள், பலருக்கு காலை வேளையில் கிட்டத்தட்ட எதுவுமே இருக்காது. அங்கிருந்து தொடங்குங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அடுத்து, தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி புரதம், மீதிக் கால் பகுதி தானியம். இனிப்பு பானங்களைக் குறையுங்கள், குடித்த கலோரி வயிற்றுக்கு நிறைவு தராது. மது அருந்துபவர்கள் கவனிக்க வேண்டியது: ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி, மாவுச்சத்துக்கு 4.

எவ்வளவு குறைப்பது? ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அதைவிட வேகம் வேண்டாம். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அரை மணி நேர வேக நடை, 70 கிலோ எடையுள்ளவருக்கு 150 கலோரி அளவுக்குத்தான் எரிக்கும். எனவே கூடுதலாகச் சாப்பிட்டதை நடந்தே சரிக்கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 4 கிலோ.

வயிற்றை மட்டும் குறைக்கும் பயிற்சி என்று எதுவும் கிடையாது. கொழுப்பு எங்கிருந்து கரைய வேண்டும் என்பதை உடல்தான் முடிவு செய்கிறது.

படி 6: தூக்கம்

ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, நிறைவைச் சொல்லும் லெப்டின் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. சத்தமான குறட்டையும் பகலில் கண் சொருகலும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதியுங்கள்.

படி 7: எடை நின்றுவிட்டால், பயிற்சி விட்டுப்போனால்

நான்கு வாரம் எடையும் சுற்றளவும் இரண்டுமே அசையாமல் இருந்தால்தான் அதைத் தேக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடை நின்று, சுற்றளவு குறைகிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள், தசை கூடிக் கொழுப்பு குறைகிறது. இரண்டும் நின்றால் முதலில் காலடி எண்ணிக்கையைப் பாருங்கள். குறைவாகச் சாப்பிடும்போது நம்மை அறியாமலே நடமாட்டம் குறையும். பிறகு இடையில் கொறிப்பவற்றைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இலேசான உடலுக்குக் குறைந்த ஆற்றல் போதும் என்று பொருள். தினம் 100 முதல் 200 கலோரி மட்டும் குறையுங்கள்.

காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு பிரச்சினை என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும், யாருக்கும் அது நடக்கும். காய்ச்சல் முழுதாக விட்ட பிறகு, விட்ட இடத்திலிருந்து ஒரு சுற்றைக் குறைத்து, சுமையையும் பாதியாக்கித் தொடங்குங்கள். ஏற்கெனவே பழகிய தசைக்கு வலு முதல்முறையைவிட வேகமாகத் திரும்பும். பெரும்பாலும் விட்ட இடைவெளி அளவு காலத்திலேயே பழைய சுமையைத் தூக்கிவிடலாம்.