கூந்தன்குளக் கரையிலிருந்து ஒரு வேலை

வாழ்க்கையில் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த நாட்களில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், சின்ன வயதில் நேரம் போனதே தெரியாமல் இருந்த ஓர் இடத்தைப் பிடியுங்கள். பரிசு வாங்கிய நாள் வேண்டாம். அதில் உங்கள் ஆசையைவிட மற்றவர்களின் பாராட்டுதான் அதிகம் இருக்கும். எனக்கு அது திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம். சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துத் தாத்தா கூட்டிப்போவார். கரையில் நின்றால் பறவை எச்சத்தின் நெடி மூக்கைத் துளைக்கும். "அந்த வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வந்திருக்குடே, சத்தம் போடாத" என்பார். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது.

அந்த நினைவைப் பேப்பரில் எழுதி, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். எனக்கு விழுந்தவை: பார்த்தேன், எண்ணினேன், ஆச்சியிடம் சொன்னேன். (பகலெல்லாம் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவனுக்கு எண்ணுவது பிடித்ததில் ஆச்சரியமென்ன!)

பிறகு, அந்தச் சொற்களை வைத்து உடனே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று. ராஜினாமா கடிதமெல்லாம் எழுதிவிடாதீர்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும், அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது ஞாயிறு காலையில் தெருப் பிள்ளைகள் நாலு பேர் கூட வருகிறார்கள். இருப்பது ஒரே பைனாகுலர். யாருக்கு முதலில் என்று தினுசு தினுசாகச் சண்டை.