உபுண்டுவில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தானாக மவுண்ட் ஆக வைப்பது எப்படி?

கணினிக்குள் இரண்டாவது டிஸ்க் ஒன்று இருந்தால், ஃபைல்ஸ் செயலியில் அதைக் கிளிக் செய்த பிறகுதான் உபுண்டு அதை மவுண்ட் செய்யும், அதாவது ஒரு அடைவோடு (ஃபோல்டரோடு) இணைத்துப் பயன்படுத்தத் தரும். பேக்கப், டவுன்லோட் எல்லாம் அந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்றால் இது சரிப்படாது. டெர்மினலைத் திறக்காமலேயே இதைச் சரிசெய்யலாம்.

1. டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். வேண்டிய பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) தொட்டு, கீழே உள்ள பல்சக்கரக் குறியை அழுத்துங்கள். அங்கே ஃபார்மட் என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

2. எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ் போய், யூசர் செஷன் டிஃபால்ட்ஸை அணையுங்கள். மவுண்ட் அட் சிஸ்டம் ஸ்டார்ட்அப் டிக் ஆகியிருக்கட்டும். மவுண்ட் பாயின்ட்டில், அதாவது டிஸ்க் இணையும் அடைவுக்கான இடத்தில், எம்என்டி (/mnt) அடைவுக்குள் இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்று கொடுங்கள்.

3. ஐடென்டிஃபை ஆஸ் என்ற இடத்தில் யுயுஐடியை (UUID, பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) தேர்ந்தெடுங்கள். உபுண்டு டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல. இன்று எஸ்டிபியாக இருப்பது நாளை எஸ்டிசி ஆகலாம். யுயுஐடி, ஃபார்மட் செய்யும் வரை மாறாது.

4. ஆப்ஷன்ஸ் வரியில் நோஃபெயில் (nofail) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் டிஸ்க் பழுதானாலோ, கேபிள் கழன்றாலோ, கணினி சுமார் 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் (பழுது பார்ப்பதற்கான கட்டளைத் திரையில்) நின்றுவிடும்.

5. ஓகே கொடுத்துக் கடவுச்சொல்லை இடுங்கள். விவரம், எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்யும் முன்பே சதுரக் குறியை அழுத்தி அன்மவுண்ட் செய்து, முக்கோணக் குறியால் மறுபடி மவுண்ட் செய்து பாருங்கள். பிழை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

விண்டோஸும் வைத்திருப்பவர்கள் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் (NTFS) வகைப் பார்ட்டிஷனில் படிக்க முடியும், எழுத முடியாமல் போகலாம்.

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான்: டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளிலும் மவுண்ட் பாயின்ட்டாகக் கொடுத்த அடைவு அங்கேயேதான் இருக்கும், காலியாக. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓடும் பேக்கப் எந்தப் புகாரும் இல்லாமல் அதற்குள் எழுதிக்கொண்டே போகும்; நிரம்புவது உபுண்டு இருக்கும் டிஸ்க். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். காரணமில்லாமல் இடம் குறைந்தால், டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அந்த அடைவைத் திறந்து பாருங்கள்.