கொழும்பிலிருந்து புல்தரை டென்னிஸ் பார்க்கப் பழகுவது எப்படி?

டென்னிஸ் பார்க்க ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புல்தரைப் பருவத்தில் தொடங்குங்கள். மொத்தமே ஐந்து வாரம் சொச்சம்தான். ஜூன் தொடக்கத்தில் பிரெஞ்சு ஓப்பன் முடிந்த கையோடு ஆரம்பித்து, ஜூலை நடுவில் விம்பிள்டனோடு கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

இன்னொரு காரணம் கடிகாரம். ஆஸ்திரேலிய ஓப்பனில் பகல் ஆட்டம் தொடங்கும்போது கொழும்பில் விடிந்தும் விடியாத நேரம். அமெரிக்க ஓப்பனின் இரவு ஆட்டத்துக்கு அதிகாலை நாலரைக்கு எழும்ப வேண்டும். விம்பிள்டன் அப்படியில்லை, வேலை முடிந்து வீட்டுக்கு வருபவருக்கென்றே நேரம் வைத்ததுபோல இருக்கும்.

1. நேரத்தையும் அட்டவணையையும் குறித்துக்கொள்ளுங்கள்

கோடையில் லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். விம்பிள்டனின் வெளி மைதானங்களில் அங்கே காலை 11 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே பின்னேரம் 3:30. முதலாம் இலக்க மைதானம் 5:30, சென்டர் கோர்ட் 6:00. ஒற்றையர் இறுதி ஆட்டங்களை 2025 முதல் லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு வைக்கிறார்கள், எங்களுக்கு இரவு 8:30. ஜெர்மனியில் நடக்கும் போட்டிகளுக்கு வித்தியாசம் மூன்றரை மணி நேரம்.

விம்பிள்டனுக்கு முந்தைய வாரங்களை விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் ஸ்டுட்கார்ட், அடுத்த வாரத்தில் லண்டனின் குயின்ஸ் கிளப்பும் ஜெர்மனியின் ஹாலேயும், அதற்கடுத்து ஈஸ்ட்போர்ன், மயோர்க்கா. பெண்களுக்கு பெர்லின், நொட்டிங்ஹாம், பாட் ஹொம்பர்க். இவற்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் குயின்ஸைப் பாருங்கள். சின்ன அரங்கு, கமரா ஆட்டக்காரருக்குக் கிட்டவே நிற்கும். பந்து தரையில் பட்டு எவ்வளவு எழும்புகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

பியோ டிவியோ டயலொக்கோ, உங்கள் பக்கேஜில் இந்த வருடம் எந்தச் சேனலில் வருகிறது என்பதை ஜூன் பிறக்குமுன் விசாரித்து வையுங்கள். முதல் திங்கட்கிழமை பின்னேரம் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது நல்ல தொடக்கம் இல்லை.

2. புள்ளிக் கணக்கு: இவ்வளவு தெரிந்தால் போதும்

15, 30, 40, அப்புறம் கேம். இருவரும் 40இல் நின்றால் டியூஸ். அங்கிருந்து இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். 6-6 வந்தால் டை பிரேக், அதில் முதலில் ஏழு புள்ளி, அதிலும் இரண்டு வித்தியாசம். கிராண்ட் ஸ்லாம் என்று சொல்லும் நாலு பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு ஐந்தில் மூன்று செட், பெண்களுக்கு மூன்றில் இரண்டு. கடைசி செட்டில் 6-6 வந்தால் 2022 முதல் பத்துப் புள்ளி டை பிரேக். மிச்சமெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாகப் பிடிபடும்.

விம்பிள்டனில் 2018 வரை கடைசி செட்டுக்கு டை பிரேக்கே கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். 2010இல் இஸ்னரும் மஹூவும் 18ஆம் இலக்க மைதானத்தில் மூன்று நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாவது செட் மட்டும் 70-68. அந்த மாதிரி ஆட்டம் இனி வராது. எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான், ஆட்டக்காரர்களின் முழங்கால்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

3. முதலில் தரையைப் பாருங்கள்

கிரிக்கெட்டில் காலி நகர மைதானத்தின் முதல் நாள் பிட்ச்சுக்கும் ஐந்தாம் நாள் பிட்ச்சுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் என்றால், புல்தரை டென்னிஸின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கேயும் தரை உயிருள்ளது, நாளுக்கு நாள் மாறும்.

விம்பிள்டன் புல்லை 8 மில்லிமீற்றருக்கு வெட்டுகிறார்கள். 2001 முதல் முழுக்க ரை புல். அதற்கு முன்பு 70 வீதம் ரை, 30 வீதம் இன்னொரு மென்மையான புல்வகை. செம்மண்ணில் பந்து தரையைப் பிடித்து, வேகம் குறைந்து, தோள் உயரத்துக்கு எழும்பும். புல்லில் உராய்வு குறைவு. பந்து வழுக்கிக்கொண்டு, வேகத்தை இழக்காமல், தாழ்வாக வரும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் முழங்காலை மடக்கி, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிறார்கள்.

இப்போது ஒரு பயிற்சி. முதல் திங்களன்று சென்டர் கோர்ட்டைக் காட்டும்போது பின்கோட்டைப் பாருங்கள்: கரும்பச்சை, ஒரு கீறல் இல்லை. இரண்டாவது ஞாயிறு அதே இடத்தைப் பாருங்கள். பின்கோட்டு ஓரம் முழுக்கப் பழுப்பாகத் தேய்ந்து, மண் தெரியும். நடுப்பகுதியிலும் வலைக்குப் பக்கத்திலும் புல் அப்படியே இருக்கும். பழைய காட்சிகளில், தொண்ணூறுகளில் சாம்ப்ராஸ் ஆடிய காலத்தில், பின்கோட்டிலிருந்து வலை வரைக்கும் தேய்ந்த பாதை ஒன்று ஓடும். சேர்வ் பண்ணிவிட்டு வலைக்கு ஓடுவதுதான் அன்றைய ஆட்டம். புல் மாறியதும் தரை உறுதியானது, பந்தும் கொஞ்சம் நிமிர்ந்து வந்தது. 2002 இறுதி ஆட்டத்தில் ஹெவிட்டும் நல்பாண்டியனும் பின்கோட்டை விட்டு அசையாமல் ஆடியே கிண்ணத்தைத் தீர்மானித்தார்கள். அந்தப் பழுப்பு நிறம் எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்தே ஒரு காலத்தின் ஆட்டத்தைச் சொல்லிவிடலாம்.

முதல் இரண்டு நாள் புல் இன்னும் ஈரப்பசையோடு இருக்கும், வழுக்கும். 2021இல் ஒரே நாளில் சென்டர் கோர்ட்டில் மனரினோவும் செரீனா வில்லியம்ஸும் வழுக்கி அடிபட்டு ஆட்டத்தை விட்டு விலகினார்கள். முதல் சுற்றில் பெரிய ஆட்டக்காரர்கள் சின்னச் சின்ன அடி வைத்து, பயந்து பயந்து திரும்புவதைக் கண்டால் ஆட்டம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தரையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

4. சேர்வைப் பாருங்கள், அப்புறம் 30-30ஐ

கிரிக்கெட் தவிர வேறெதையும் பார்க்காத என் மச்சான் ஒருமுறை சொன்னார்: "பந்தை அடிக்கிறதும் தெரியேல்ல, முடியிறதும் தெரியேல்ல, அதுக்குள்ள எல்லாரும் கை தட்டுறாங்கள்." புல்தரைக்குப் புதிதாக வரும் எல்லோருடைய முறைப்பாடும் இதுதான்.

புல்லில் சேர்வ் பண்ணுபவர் கை ஓங்கியிருக்கும். பந்து தாழ்வாக வழுக்கிப் போவதால் திருப்பி அடிப்பவருக்கு நேரமே இல்லை. வலக்கைக்காரர் வலப்பக்கம் நின்று பக்கவாட்டில் வெட்டிப் போடும் சேர்வைக் கவனியுங்கள். பந்து மைதானத்தை விட்டு வெளியே வளைந்து ஓடும், எதிராளி கிட்டத்தட்ட கதிரைகளுக்குள் போய் விழுவார். இடக்கைக்காரர் இதையே இடப்பக்கம் செய்வார். பெரும்பாலான முக்கிய புள்ளிகள் அந்தப் பக்கம் விழுவதால் அவருக்கு அது இன்னும் லாபம்.

ஆகவே பெரும்பாலான கேம்களைச் சேர்வ் பண்ணுபவரே எடுப்பார். 1-1, 2-2, 3-3 என்று போகும். அலுப்பாக இருக்கிறதா? அந்த நேரத்தில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருங்கள், ஒன்றும் குறையாது. ஆனால் 30-30 வந்தால் போனைக் கீழே வையுங்கள். அடுத்த புள்ளியைத் திருப்பி அடிப்பவர் எடுத்தால் பிரேக் பொயின்ட், அதாவது சேர்வ் பண்ணுபவரின் கேமைப் பறிக்க ஒரு புள்ளிதான் பாக்கி. புல்லில் ஒரு பிரேக் என்பது பல வேளை ஒரு முழு செட். நான் புல்தரையை விரும்புவதற்குக் காரணமே இதுதான்: மூன்று மணி நேர ஆட்டத்தை ஏழெட்டுப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. மற்ற நூற்றுக்கணக்கான புள்ளிகளும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விடுவதற்காக மட்டுமே ஆடப்படுகின்றன.

நம்பவில்லையென்றால் 2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். பெடரர் மொத்தம் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று பெடரர் சேர்வ் பண்ணினார். கிண்ணத்துக்கு ஒரே ஒரு புள்ளி, அதற்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் போயின. ஆட்டத்தில் வந்த மூன்று டை பிரேக்கையும் ஜோகோவிச்சே எடுத்தார். 4 மணி 57 நிமிடம். அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்றுப்போனார். பெடரர் ரசிகர்களிடம் இதைப் பற்றி இன்றைக்கும் கதை கொடுக்க வேண்டாம்.

5. உங்களுக்கென்று ஓர் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுங்கள்

பக்கம் எடுக்காமல் டென்னிஸ் பார்ப்பது உப்பில்லாமல் சாப்பிடுவதுதான். ஆனால் முதலாம் இடத்தில் இருப்பவரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். புல்லுக்குப் பொருந்தும் கையைத் தேடுங்கள்.

அல்கராஸ் எனக்குப் பிடித்தவர். 2023, 2024 இரண்டு வருடமும் விம்பிள்டன் எடுத்தார். பலமாக அடிக்கப் போவதுபோல ஓங்கிவிட்டு, கடைசி நொடியில் வலைக்கு அப்பால் மெதுவாகப் போட்டுவிடுவார். புல்லில் அந்தப் பந்து எழும்பவே எழும்பாது. 2025 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அவரை நாலு செட்டில் மடக்கிய சின்னரிடம் இந்த வித்தைகள் குறைவு. பின்கோட்டில் நின்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருப்பார், நீங்கள் எப்போது தளர்வீர்கள் என்று காத்திருப்பதுபோல. பெண்களில் ஸ்வியாடெக் செம்மண் ராணி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2025 விம்பிள்டன் இறுதியில் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று முடித்துவிட்டார்.

ஆனால் புல்தரை என்றால் என்ன என்று ஒரே ஆளில் காட்டச் சொன்னால், டாட்யானா மரியாவைத்தான் காட்டுவேன். 2025இல் குயின்ஸ் கிளப்பில் ஐம்பது வருடங்களுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு பெண்கள் போட்டி திரும்பவும் நடந்தது. 37 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்தவர். முன்கையிலும் பின்கையிலும் பந்தை வெட்டி வெட்டியே அனுப்புவார். அது கணுக்கால் உயரத்தில் சறுக்கிக்கொண்டு போகும். அவரைவிட வயதில் எவ்வளவோ இளையவர்கள் பலத்தையெல்லாம் வைத்துக்கொண்டு அடிக்க ஒரு பந்து கிடைக்காமல் திண்டாடினார்கள். ரிபாக்கினாவையும் கீஸையும் தாண்டி, இறுதியில் அனிசிமோவாவையும் வென்று கிண்ணத்தை எடுத்தார்.

நம்மவர் கதையும் இந்தப் புல்லில் உண்டு. சென்னைக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார், 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை போனார். முதலில் பிரேசரிடம், அடுத்து லேவரிடம் தோற்றார். இருவருமே அந்தந்த வருடம் கிண்ணம் எடுத்தவர்கள். மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை எடுத்து, 1986இல் காலிறுதிக்குப் போனார். விஜய் அமிர்தராஜ் 1981 காலிறுதியில் ஜிம்மி கொனர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு ஐந்தாவதில் தோற்றார். இவர்கள் மூவரும் கைப்பலத்தால் அல்ல, தொடுகையால் ஆடியவர்கள். புல் அதற்கு இடம் கொடுத்தது.

6. டிரோ தாளைக் கையில் வைத்திருங்கள்

டிரோ என்பது யார் யாரோடு மோதுவார் என்று காட்டும் அட்டவணை. 128 பேர், ஏழு வெற்றி, ஒரு கிண்ணம். 32 பேருக்குத் தரவரிசைப்படி இடம் ஒதுக்கி, ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாமல் பிரித்து வைப்பார்கள். விம்பிள்டன் இணையதளத்திலேயே டிரோ கிடைக்கும், வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். தாளில் பேனாவால் வெட்டிக்கொண்டு போகும் சுகம் தனி.

இரண்டாம் வாரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 2025இல் ஆண்கள், பெண்கள் இரண்டிலும் சேர்த்து 23 பேர், இடம் ஒதுக்கப்பட்டவர்கள், முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். செம்மண்ணிலிருந்து வந்த கால்கள் புல்லுக்குப் பழக மூன்று வாரம் போதாது. விறுவிறுப்பான ஆட்டங்கள் முதல் திங்கள், செவ்வாய் பின்னேரங்களில், பெயர் தெரியாத மைதானங்களில் நடக்கும்.

7. மழைக்கும் இரவுக்கும் தயாராக இருங்கள்

சென்டர் கோர்ட்டுக்கு 2009இலும் முதலாம் இலக்க மைதானத்துக்கு 2019இலும் கூரை வந்துவிட்டது. மற்ற மைதானங்களில் மழை என்றால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். கூரையின் கீழே என்றாலும் இரவு 11 மணிக்கு மேல் ஆட விடமாட்டார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. எங்களுக்கு அது அதிகாலை 3:30. மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதக் கொழும்பு மழையில் டிஷ் சிக்னல் போவது வழக்கம். அங்கே வெயில், இங்கே திரையில் கறுப்பு. போனில் புள்ளிகளை மட்டுமாவது பார்க்கும்படி விம்பிள்டன் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் வரும்வரை பொறுக்க முடியாதவர்கள் 2008 விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். நடால், பெடரர், 4 மணி 48 நிமிடம், மழையால் இரண்டு முறை நின்று, கடைசி செட் 9-7. அப்போது சென்டர் கோர்ட்டுக்குக் கூரை கிடையாது, முடியும்போது பந்தே சரியாகத் தெரியாத இருட்டு. முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க நேரமில்லை என்றால் நாலாவது செட் டை பிரேக்கிலிருந்து ஓடவிடுங்கள். அதைப் பார்த்து முடித்தபின் 2019.