ஒயில் தூக்கும், வாயு தாங்கும்: ஹைட்ரோலிக் சஸ்பென்ஷனைச் சோதிப்பது எப்படி?

வயலில் ரக்ரரின் பின்னால் கலப்பை தூக்கி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். லீவரை விட்டதும் அதே உயரத்தில் அசையாமல் நிற்கும், ஏனென்றால் ஒயில் அமுங்காது. அமுங்காத பொருள் ஸ்பிரிங் ஆகாது. அதனால்தான் வண்டியைச் சில்லுகளின் மேல் ஒயில் அமுக்கத்தால் தாங்கும் ஹைட்ரோலிக் சஸ்பென்ஷனில் ஒயிலுக்குப் பக்கத்தில் வாயுவும் இருக்கிறது.

பிரான்சின் சிட்ரோயன் கார்க் கம்பனியில் போல் மஜெஸ் செய்த ஏற்பாடு இது: இரும்புக் குண்டு, நடுவில் றப்பர் சவ்வு, ஒருபக்கம் நைதரசன், மறுபக்கம் ஒயில். சில்லு மேட்டில் ஏறும்போது ஒயில் சவ்வைத் தள்ள, நைதரசன் சுருங்கி விரியும். குண்டின் வாயிலுள்ள சிறுதுளைகள் சொக் அப்சோபரின் வேலையைச் செய்யும். 1954இல் பின் சில்லுகளுக்கு மட்டும் வந்தது, 1955இல் டி.எஸ். காரில் நாலு சில்லுக்கும். 1989இல் எக்ஸ்.எம். காரில் கணினி சேர்ந்தது. ஸ்டியரிங், பிரேக், வேகம் முதலியவற்றைச் சென்சர்கள் சொல்லும். கணினி சொலினொயிட் வால்வை (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) திறந்து மேலதிகக் குண்டை இணைத்தால் சஸ்பென்ஷன் மென்மையாகும், மூடினால் விறைக்கும். கணினி செய்வது அவ்வளவே, தாங்குவது வாயு. ஏ9 தார் வீதியை விட்டுக் கிறவல் வீதியில் இறங்கியதும் வண்டி குலுக்கி எடுத்தால் முதலில் வாயுவைச் சந்தேகியுங்கள்.

ஏ.எச்.சி. (உயரத்தை மாற்றும் ஹைட்ரோலிக் சஸ்பென்ஷன்) பூட்டிய டொயோட்டா லாண்ட் குரூசர் 100இல் அதை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை உயர நிலைக்கு ஏற்றுங்கள். ஒயில் ராங்கியின் பக்கத்திலுள்ள கோடுகளில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறியுங்கள். பிறகு தாழ்நிலைக்கு இறக்குங்கள். அமுக்கம் குறைய, நைதரசன் விரிந்து ஒயிலை ராங்கிக்குத் திருப்பி அனுப்பும், மட்டம் ஏறும். நல்ல குண்டுகளில் ஏறத்தாழ 14 கோடு ஏறும். 7க்குக் கிட்ட வந்தால் வாயு போய்விட்டது, குண்டு மாற்றவேண்டும். சவ்வினூடாக வாயு வருடக்கணக்கில் மெல்லக் கசியும். கிழிந்திருந்தால் ஒரேயடியாகப் போகும்.

மட்டம் சரியாக ஏறியும் ஒருபக்கம் சரிந்து நிற்கிறதா? உயரச் சென்சர்களைப் பாருங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மாரிச் சேறு மூட்டில் காய்ந்து இறுகினால் சென்சரின் சிறு கை அசையாது, கணினிக்குப் பிழையான உயரம் போகும். கழுவி, விரலால் ஆட்டிப் பாருங்கள், தடையின்றி ஆடவேண்டும்.

இந்த வண்டியில் முன்னால் டோர்ஷன் பாரும் (முறுகி ஸ்பிரிங்காக வேலைசெய்யும் கம்பி) பின்னால் கொயில் ஸ்பிரிங்கும் பாரத்தில் பங்கெடுக்கின்றன. அவை தளர்ந்தால் மிச்சப் பாரம் ஒயிலில் விழும், அமுக்கம் கூடும். அதைக் கவனியாமல் புதுக் குண்டு பூட்டுவது காசைக் கரைப்பது.

ஜக் வைக்குமுன் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். இல்லையேல் வண்டி தானாக இறங்கலாம், கீழே ஆள் இருந்தால் உயிராபத்து. ஒயிலை வெளியே விடும் பிளீடர் திருகால் அமுக்கத்தை இறக்காமல் குண்டில் சாவி வைக்கவேண்டாம். ஊற்றுவது ஏ.எச்.சி.க்கென்றே விற்கும் ஒயிலாக இருக்கட்டும். அவசரத்துக்கென்று பிரேக் ஒயில் விட்டால் சீல்கள் கெடும்.