பாட்டியின் கையிலிருந்து பூவைப் பிடுங்காதீர்கள்

பினாங்கில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்த்துவரும் தொண்டில் எனக்குப் பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது புதியவர்களையும் உடன் அழைத்துப் போகிறேன். போன வாரம் ஜெலுத்தோங்கில், எங்களுக்காகத் தாத்தா கலக்கிக்கொண்டிருந்த தேநீரை, "நீங்கள் உட்காருங்கள் தாத்தா" என்று ஓர் இளம்பெண் வாங்கிக்கொண்டாள். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே தவறு.

கத்திப் பேசாதீர்கள், கைபேசியை நோண்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

தலை எண்ணுவது

பார்த்துவிட்டு வந்து, "பாட்டிக்குப் பழக மூன்றே பேர்" என்று குறிப்பில் எழுதிவிட்டுப் புதியவர்கள் இரக்கப்படுகிறார்கள். வயது ஏற ஏற, மனிதர்கள் தாமாகவே அறிமுகங்களை உதிர்த்துவிட்டு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்வதை உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நடு இரவில் நெஞ்சு வலித்தால் அந்த மூவரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று கேளுங்கள்.

வேலையைப் பிடுங்குவது

டத்தோ கிராமாட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தார் ஒரு பாட்டி. விடிந்ததும் வாசற்கதவைத் திறந்துவைத்துப் பூக்கட்டுவார். அந்த மாடியில் ஐந்து வீட்டுச் சாமிப்படங்களுக்கும் அவர் கட்டிய சரம்தான். காசு வாங்கமாட்டார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததைப் பார்த்து நான்தான் நிறுத்தச் சொன்னேன். லிட்டில் இந்தியாவிலிருந்து கட்டிய சரம் வாங்கித் தரவும் ஏற்பாடு செய்தேன். "உனக்கேன் சிரமம் தம்பி" என்றார். அது மறுப்பு என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது கதவு சாத்தியிருந்தது. பூ வாங்க வந்த பெண்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் நின்று பேசுவார்கள், பசியாற இட்லி கொடுப்பார்கள், முகம் வாடியிருந்தால் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள். பூ நின்றதும் அவர்கள் வரக் காரணமில்லை. பாட்டி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததே யாருக்கும் தெரியவில்லை. பூவை நிறுத்துவதாக நினைத்து, வந்துபோன மனிதர்களை நிறுத்தியிருக்கிறேன்.

அமெரிக்காவில் 423 முதிய தம்பதிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. துணைக்கோ அண்டை அயலாருக்கோ உதவிவந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உடல்நலத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். உதவி பெற்றதால் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. நாம் தொண்டு என்று ஓடுவதோ பெரும்பாலும் அந்த இரண்டாவதற்காக.

பாட்டியை மூட்டுவலிக்குக் கிளினிக்கிற்கு அழைத்துப்போனேன். சரத்தைப் பாதி நீளமாக்கி, நாரை நனைத்துக் கொடுத்து, மறுபடி கட்டச் சொன்னேன். ஐந்து வீடுகளில் இரண்டுதான் திரும்ப வந்தன. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அதற்குள் கடைப்பூவுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே புதியவர்களே, பாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் முன், பாட்டி யாருக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறாரா? ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறாரா? அந்த வேலை வலித்தால் வலியைக் குறைக்க வழி பாருங்கள். வேலையில் கை வைக்காதீர்கள்.

ஒரே வீட்டில் இருந்தால் போதும் என்று நம்புவது

ஒஹாயோவில் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, ஆறும் வேகத்தை அளந்தார்கள். 2005இல் வந்த முடிவு: பேச்சில் பகைமை மிகுந்த தம்பதிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 விழுக்காடுதான். மகனோடு இருக்கிறார் என்பதற்காக 'ஆதரவு உண்டு' என்று எழுதிவிடாதீர்கள். சாப்பாடு வைக்கும்போது குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

"மறுபடி வருகிறேன்"

நாள் சொல்ல முடியாவிட்டால் சொல்லாதீர்கள்.

ஜெலுத்தோங் தாத்தாவிடம் செவ்வாய் காலை பத்து மணி என்று சொல்லியிருக்கிறோம். தேநீரை அவர்தான் கலக்குவார்.